அளவு என்னும் கண்



காலை மணி ஆறு அடித்து இரண்டு நிமிடம். பெரட்டு முடிந்து, உளியும் வாளியுமாகத் தாய்மார்களும் தந்தையரும் நிரைக்குப் போய்ச் சேரும் நேரம். ஆண்டுதோறும் அக்டோபர் 23ஆம் நாள் இதே 6 மணி 2 நிமிடத்தை, அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் உள்ள இரசாயன ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு விழாவின் தொடக்கமாகக் கொண்டாடுகிறார்கள். காலை 6.02க்குத் தொடங்கி மாலை 6.02க்கு முடியும் அந்த விழாவுக்கு 'மோல் நாள்' என்று பெயர். ஒரு தலைவர் பிறந்த நாளும் அல்ல, ஒரு போரில் வென்ற நாளும் அல்ல. ஓர் அளவுக்காக எடுக்கப்படும் விழா அது.

ஓர் அளவுக்கு விழாவா என்று நீங்கள் கேட்கலாம். அளவு என்பது எவ்வளவு பெரிய செல்வம், அது நம் வீட்டிலும் வேலையிலும் எப்படிக் கண்ணாக இருந்து வழிகாட்டுகிறது என்பதைத்தான் இன்று நாம் சேர்ந்து பார்க்கப் போகிறோம். பேச்சின் பிற்பகுதியில், நாம் நன்கு அறிந்த ரப்பரையே கண்ணாடிபோல் உடைத்துவிடும் கடுங்குளிரையும் காண்போம்.

முதலில் இந்த 'மோல்' என்பது என்ன? வாழைப்பழத்தைச் சீப்பாக வாங்குகிறோம். முட்டையை டஜனாக எண்ணுகிறோம். வெற்றிலையைக் கவுளியாக எண்ணுகிறோம். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்பதால், ஒரு தொகுதிக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்கிறோம். இரசாயன அறிஞர்கள் எண்ண வேண்டியவையோ அணுக்களும் மூலக்கூறுகளும். அவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. அவற்றை டஜன் கணக்கில் எண்ணி என்ன பயன்? ஆகவே அவர்கள் ஒரு பெரிய தொகுதியை வைத்துக்கொண்டார்கள். 602214076 என்று எழுதி, அதன் பின்னால் 15 சுழிகளைப் போட்டால் என்ன எண் வருமோ, அத்தனை மூலக்கூறுகள் சேர்ந்தது ஒரு மோல். அந்த எண்ணைச் சுருக்கி எழுதினால் 6.02 பெருக்கல் 10இன் 23ஆம் அடுக்கு என்று வரும். அதனால்தான் பத்தாம் மாதம் 23ஆம் நாள், 6 மணி 2 நிமிடம்.

18 கிராம் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். ஒரே மடக்கில் விழுங்கிவிடலாம். அதில் இருப்பவை ஒரு மோல் நீர் மூலக்கூறுகள். உலகில் வாழும் 800 கோடி மக்களும் உண்ணாமல் உறங்காமல், ஒரு நொடிக்கு ஒன்று என்று அந்த ஒரு மடக்குத் தண்ணீரில் உள்ள மூலக்கூறுகளை எண்ணத் தொடங்கினால், எண்ணி முடிக்க 20 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

எண்ண முடியாததை எப்படி எண்ணினார்கள்? இதற்கு விடை நம் தோட்டத்து ஸ்டோரிலேயே இருக்கிறது. ஒரு மரத்துக்கு ஒரு மங்கு. ஒரு மங்குக்கு ஒரு கம்பி. ஆயிரம் மங்குக்கு ஆயிரம் கம்பி வேண்டும். கெட்டிக்காரர் ஆயிரம் கம்பியையும் விரல்விட்டு எண்ணமாட்டார். நூறு கம்பியை எண்ணி நிறுத்துப் பார்ப்பார். பிறகு அதைப்போல் பத்து மடங்கு எடையை நிறுத்துக் கொடுத்துவிடுவார். எடை போடுவதே எண்ணுவதாகிவிட்டது. இரசாயன அறிஞர்கள் செய்வதும் இதுவே. இரண்டு கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்தால் 18 கிராம் தண்ணீர், ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் கிடைக்கிறது. இத்தாலி நாட்டு அறிஞர் அவகாட்ரோ 1811ஆம் ஆண்டில் ஒரு கருத்தைச் சொன்னார். ஒரே வெப்பத்திலும் ஒரே அழுத்தத்திலும், ஒரே கொள்ளளவுள்ள வாயுக்கள் எவையானாலும் அவற்றில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் ஒன்றே என்பது அவர் கருத்து. அவர் வாழ்ந்த காலத்தில் அதைப் பெரிதாக மதித்தவர் இல்லை. ஆயினும் இன்று அந்தப் பெரிய எண் அவர் பெயராலேயே வழங்குகிறது.

எடை என்றதும் நம் பெரியவர்களுக்குப் பழைய நினைவு வரும். ஒரு காலத்தில் நம் நாட்டுக் கடைகளில் காத்தி, தகில், பிக்குள் என்று நிறுத்தார்கள். 16 தகில் ஒரு காத்தி. 100 காத்தி ஒரு பிக்குள். ஒரு காத்தி என்பது ஏறக்குறைய 605 கிராம். இன்னொரு பக்கம் வெள்ளைக்கார நிர்வாகம் கொண்டுவந்த பவுண்டு. இப்படி இரண்டு மூன்று கணக்குகள் ஒரே ஊரில் புழங்கினால், கணக்கு அறியாதவர்தான் நட்டப்படுவார். மலேசியாவில் 1972ஆம் ஆண்டு எடைகள், அளவைகள் சட்டம் வந்தது. அதன்பின் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் மீட்டரும் நிலைபெற்றன.

அந்தக் கிலோவுக்கு மூலம் எது? பாரிஸ் நகருக்கு அருகே, 1889ஆம் ஆண்டு முதல், ஓர் உலோக உருளை கண்ணாடி மூடிகளுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அதன் எடைதான் உலகம் முழுவதற்கும் ஒரு கிலோ. ஆனால் உலோகமும் நிலையானதல்லவே! நூறாண்டுக் காலத்தில், அதற்கும் அதன் படிகளுக்கும் இடையே ஒரு கிராமில் கோடியில் சில நூறு பங்கு அளவுக்கு வேறுபாடு தெரிந்தது. ஆகவே 2019ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் முதல், எந்த நாட்டுச் சட்டத்தாலும் எந்தக் காலத்தாலும் மாறாத இயற்கையின் எண்களைக் கொண்டே கிலோ, மோல், வெப்ப அளவாகிய கெல்வின் ஆகியவற்றை வரையறுத்துவிட்டார்கள். பாரிசில் உள்ள கிலோவும் பகாங் கடைத்தெருவில் உள்ள கிலோவும் ஒன்றே. அளவுக்குச் சாதியும் இல்லை, முதலாளி தொழிலாளி என்ற பேதமும் இல்லை.

இனி நம் பாலுக்கு வருவோம். மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ஆகையால் பாலை நிறுத்தால் மட்டும் போதாது. அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்றும் பார்க்கவேண்டும். இதற்கு மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி உண்டு. ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே பாலில் ரப்பர் கூடுதலாக இருந்தால் பால் இலேசாகி, மிதவை ஆழமாக இறங்கும். தண்ணீர் கூடினால் மிதவை மேலே நிற்கும். 20 கிலோ பாலில் நூற்றுக்கு 35 பங்கு ரப்பர் என்றால் 7 கிலோ. நூற்றுக்கு 30 என்றால் 6 கிலோ. ஐந்து கோடு தள்ளிப் படித்தால் ஒரு கிலோ ரப்பர் கூடலாம், குறையலாம்.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் படித்த ஒரு மாணவனின் தாயார், சொந்தமாக வைத்திருந்த சிறு துண்டு நிலத்தில் மரம் வெட்டி, மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலை வியாபாரியிடம் விற்று வந்தார். 60 கிலோ கொண்டுபோனால் 30 கிலோவுக்குத்தான் காசு. "பாதியைப் பிடித்துக்கொள்கிறான்" என்று அந்த அம்மா பல காலம் மனம் புழுங்கிக் கொண்டிருந்தார். வகுப்பில் நூற்றுவிகிதம் படித்த அன்று, பையன் சீட்டை எடுத்துப் பார்த்தான். அதில் 50 என்று குறித்திருந்தது. "அம்மா, இது பிடித்தம் இல்லை. பாதி தண்ணீர்" என்று விளக்கினான். அம்மாவின் பழைய மனக்கசப்பு அன்று தீர்ந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. சில வாரம் கழித்து, அதே 60 கிலோவுக்கு 27 கிலோ என்று சீட்டு வந்தது. இப்போது அந்த அம்மா சண்டைக்குப் போகவில்லை. தலைகுனிந்து திரும்பவும் இல்லை. "தவுக்கே, போன தடவை 50, இந்தத் தடவை 45 என்று போட்டிருக்கிறீர்களே, என்ன காரணம்?" என்று கேட்டார். மழை வாரம், கட்டி ஈரமாக இருக்கிறது என்றார் அவர். கட்டியைப் பிழிந்தும் காட்டினார். அடுத்த முறை அம்மா கட்டிப்பாலைச் சில நாள் நிழலில் நீர் வடியவிட்டுக் கொண்டுபோனார். எண் ஏறியது. வீண் சந்தேகத்தைப் போக்கியதும் அளவுதான்; நியாயமான கேள்வியைக் கேட்கத் துணிவு கொடுத்ததும் அளவுதான். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் நேயர்களுக்கும் இது பொருந்தும். 100 கிலோ குலையில் ஏறக்குறைய 20 கிலோதான் எண்ணெய். எது எடை, எது அதனுள் இருக்கும் பொருள் என்று பிரித்துப் பார்ப்பதே இரசாயனத்தின் முதற்பாடம்.

வீட்டுக்குள்ளும் இதே பாடம் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மருந்துநீர் கொடுக்கிறோம். நம் நாட்டில் அது ஒரே பலத்தில் வருவதில்லை. ஒரு புட்டியில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்னொரு புட்டியில் அதே 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் இருக்கும். கரண்டி ஒன்று, மருந்தோ இரண்டு மடங்கு! ஆகவே 'ஒரு கரண்டி' என்று மட்டும் நினைவில் வைத்தால் போதாது. புட்டியின் மேல் உள்ள எண்ணைப் படிக்கவேண்டும். சமையற்கரண்டியை விட்டுவிட்டு, மருந்தோடு வரும் அளவுக் குவளையையே பயன்படுத்த வேண்டும். பிள்ளையின் எடைக்கு எவ்வளவு என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது. களைக்கொல்லி கலக்கும் தாய்மார்களுக்கும் இதையே சொல்லுவோம். 'கொஞ்சம் கூட ஊற்றினால் நன்றாய்ச் சாகும்' என்ற எண்ணத்தில் ஊற்றும் அந்தக் கொஞ்சம், புல்லோடு நின்றுவிடாது. நம் தோலிலும் மூச்சிலும் சேரும்.

காய்ச்சல் என்றோம். அதை அளப்பது வெப்பமானி. சுவீடன் நாட்டு அறிஞர் செல்சியஸ் 1742ஆம் ஆண்டில், தண்ணீர் உறைவதற்கும் கொதிப்பதற்கும் இடையே 100 பாகை வகுத்தார். வேடிக்கை என்னவென்றால், கொதிநிலையைச் சுழி என்றும் உறைநிலையை 100 என்றும் அவர் தலைகீழாக வைத்திருந்தார்! அவர் காலமான பிறகே அது இன்றுள்ளபடி மாற்றப்பட்டது. நம் உடம்பின் வெப்பம் ஏறக்குறைய 37 பாகை.

வெப்பம் என்பது வேறொன்றுமில்லை. மூலக்கூறுகளின் ஓட்டமும் ஆட்டமும்தான். பள்ளியில் ஓய்வுமணி அடித்ததும் பிள்ளைகள் ஓடியாடுவதுபோல், சூடான பொருளில் மூலக்கூறுகள் வேகமாக அலைகின்றன. குளிரக் குளிர, மணி அடித்து வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப்போல் அடங்குகின்றன. இனி அடங்க முடியாது என்னும் எல்லை ஒன்று உண்டு. அதுதான் சுழிக்குக் கீழே 273.15 பாகை. இதற்குக் கீழே குளிர் என்பதே கிடையாது. 1848ஆம் ஆண்டில் வில்லியம் தாம்சன் என்னும் அறிஞர், பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர், இப்படிப்பட்ட அடிமட்டத்திலிருந்து எண்ணும் அளவுமுறை ஒன்றை முன்வைத்தார். அவர் பெயரால் வந்த கெல்வின் கணக்கில், நம் ஊரின் 27 பாகை நாள் ஏறக்குறைய 300 கெல்வின்.

இந்தக் குளிர்ப் படிக்கட்டில் நாம் இறங்கிப் பார்ப்போம். கிளினிக்கில் குழந்தைகளின் தடுப்பூசி மருந்துகள் பல 2 முதல் 8 பாகைக்குள் காக்கப்படுகின்றன. வீட்டு உறைபெட்டி சுழிக்குக் கீழே 18 பாகை. கரியமில வாயுவை உறையவைத்த உலர்பனி, சுழிக்குக் கீழே 78 பாகை. அது உருகி நீராகாமல் நேரே புகையாய்ப் போய்விடும். நாம் மூச்சுவிடும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். அதைக் குளிரவைத்தால் சுழிக்குக் கீழே 196 பாகையில் தண்ணீர்போல் திரவமாகிறது. 1883ஆம் ஆண்டில் போலந்தின் கிராக்கோ நகரில் இரண்டு அறிஞர்கள் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் அவ்விதம் திரவமாக்கினார்கள். லண்டனில் ஜேம்ஸ் டூவர் 1898ஆம் ஆண்டில் ஹைட்ரஜனைத் திரவமாக்கினார். அது சுழிக்குக் கீழே 253 பாகை. நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸ், 1908ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஹீலியத்தைத் திரவமாக்கினார். அது சுழிக்குக் கீழே 269 பாகை. அடிமட்டத்துக்கு இன்னும் நான்கு பாகைதான் பாக்கி!

இந்த ஜேம்ஸ் டூவரை நீங்கள் அறியமாட்டீர்கள்; ஆனால் அவர் படைத்த பொருள் உங்கள் கையில் இருக்கிறது. கடுங்குளிர்த் திரவங்கள் வெளிவெப்பம் பட்டுக் கொதித்துப் போய்விடாமல் காக்க, 1892ஆம் ஆண்டில் அவர் இரண்டு சுவருள்ள ஒரு கண்ணாடிக் குடுவையைச் செய்து, சுவர்களின் நடுவே இருந்த காற்றை எடுத்துவிட்டார். குளிரைக் காக்கச் செய்த அந்தக் குடுவைதான், நாம் நிரைக்குச் சூடான தேநீர் கொண்டுபோகும் பிளாஸ்க்!

நாங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில், வெளியிலிருந்து வந்த விரிவுரையாளர் ஒருவர் திரவ நைட்ரஜனைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு ரப்பர்க் குழாயை இடுக்கியால் பிடித்து அதில் தோய்த்தார். குபுகுபுவென்று வெண்புகை எழுந்தது. சிறிது நேரம் கழித்து வெளியே எடுத்துச் சுத்தியலால் தட்டினார். குழாய் கண்ணாடிபோல் சிதறியது! எங்களில் பாதிப்பேர் பால்மரக் காட்டில் வளர்ந்தவர்கள். வளைவதும் இழுபடுவதும்தான் ரப்பரின் குணம் என்று எண்ணியிருந்த எங்களுக்கு வாயடைத்துப் போயிற்று. சற்றுப் பொறுத்து, வெதுவெதுப்பு ஏறிய துண்டுகளை அவர் எங்கள் கையில் கொடுத்தார். அவை பழையபடி வளைந்தன, இழுபட்டன. அதே ரப்பர்!

காரணம் இதுதான். ரப்பரின் மூலக்கூறு மிக நீண்ட சங்கிலி. இழுத்தால் நீளும், விட்டால் சுருளும். ஏறக்குறைய சுழிக்குக் கீழே 70 பாகையில் அந்தச் சங்கிலிகள் அசைய முடியாமல் விறைத்துவிடுகின்றன. வீட்டில் ஒரு ரப்பர்ப் பட்டையை உறைபெட்டியில் வைத்துப் பாருங்கள், அது முறியாது. இன்னும் 50 பாகைக்கு மேல் இறங்கவேண்டும் அல்லவா?

எல்லா வகை ரப்பருக்கும் இந்த எல்லை ஒன்றல்ல. முழுக்க விறைக்கும் முன்பே, குளிரில் சுருங்கிய ரப்பர் விரிந்துவரத் தாமதிக்கும். 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியை. ராக்கெட்டின் இணைப்பை அடைத்திருந்த செயற்கை ரப்பர் வளையங்கள் அன்றைய குளிரில் விறைப்பேறியிருந்தன. 12 பாகைக்குக் குறைந்தால் ஏவவேண்டாம் என்று பொறியாளர்கள் முதல் நாள் இரவே எச்சரித்திருந்தார்கள். ஏவிய வேளையில் இருந்த வெப்பமோ ஏறக்குறைய 2 பாகை. பின்னர் நடந்த விசாரணையில், ரிச்சர்டு ஃபைன்மன் என்னும் அறிஞர் அந்த ரப்பரில் ஒரு துண்டை இடுக்கி, மேசைமேல் இருந்த பனிக்கட்டி நீரில் போட்டார். எடுத்து இடுக்கியைத் தளர்த்தியபோது, ரப்பர் உடனே நிமிர்ந்து வரவில்லை. ஒரு குவளை நீர் உண்மையைச் சொல்லிவிட்டது. எண் தெரிந்திருந்தும் அதை மதிக்காததற்கு ஏழு உயிர் விலை.

கடுங்குளிர் நமக்கு உதவியும் செய்கிறது. மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதற்கான வித்து, திரவ நைட்ரஜன் நிறைந்த கலத்தில்தான் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் உடம்பினுள் படம்பிடிக்கும் காந்தப் பொறிகள் பலவற்றின் காந்தத்தைக் குளிர்விப்பது திரவ ஹீலியம். ஆனால் எச்சரிக்கை! திரவ நைட்ரஜன் பட்டால் தோல் வெந்ததுபோல் புண்ணாகும். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டர் அளவுக்கு வாயுவாகப் பெருகும். மூடிய அறையில் அது பிராணவாயுவைத் தள்ளிவிட்டு மூச்சை நிறுத்திவிடும். பயிற்சி பெற்றவரன்றி வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

நேயர்களே, இன்று இரவு உங்கள் பிள்ளையை அருகில் அழையுங்கள். அரிசிப் பையிலும், மருந்துப் புட்டியிலும், சம்பளச் சீட்டிலும் உள்ள எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். எண்ணுக்குப் பின்னால் என்ன அளவு எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். 5 என்றால் 5 கிராமா, 5 மில்லிகிராமா? அளவு இல்லாத எண், முகவரி இல்லாத கடிதம் போன்றது. உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் கேள்வி கேட்கத் தெரியும். பிள்ளை படித்துச் சொல்லட்டும். நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரசாயனத்துக்கு நம் வீட்டில் எடுக்கும் விழா அதுவே.